தேசம்மா வாங்கிய வெல்டிங் மெஷின்

பெசன்ட் நகர் கடற்கரைக்குச் சாயங்காலம் காற்று வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேசம்மாவைத் தெரியும். பேர் தெரியாது, வண்டி தெரியும். நீல பெயின்ட் அடித்த தள்ளுவண்டி, முன்னால் ஒரு மஞ்சள் பல்பு, கல்லில் வஞ்சிரமும் சங்கராவும் பொரிந்துகொண்டிருக்கும். "நீல வண்டி அக்கா" என்பார்கள். எனக்குப் பேரும் தெரியும், அவள் வாயும் தெரியும். ஓடைக்குப்பத்தில் அவள் வீட்டுக்கு எதிர் வீடு என்னுடையது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆட்டோ போடுகிறேன்.

தேசம்மா பிறந்தது ஊரூர் குப்பம், வாழ்க்கைப்பட்டது ஓடைக்குப்பம். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாலும் குழம்பு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள், அவ்வளவு கிட்டம் என்று அவள் புருஷன் வேதநாயகம் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான புதிதில் கூடையைத் தூக்கிக்கொண்டு சாஸ்திரி நகர், காந்தி நகர் என்று தெருத்தெருவாக மீன் விற்றாள். முட்டி வலி வந்த பிறகு கூடையை வைத்துவிட்டு வண்டி போட்டாள். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. ஆனால் பழுது என்று ஒரு சாமான் அந்த வீட்டை விட்டு வெளியே போய் நான் பார்த்ததில்லை. அடுப்பு அடைத்தால் பர்னரைக் கழற்றி ஊசியால் குத்துவாள். மிக்சி நின்றால் தலைகீழாகக் கவிழ்த்து ஏதோ திருகுவாள், ஓடும். ஐஸ் பெட்டிக் கதவு ரப்பர் பிய்ந்தால் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டுவாள்.

இரும்பு மட்டும் அவளுக்கு அடங்கவில்லை. கடலோரத்தில் இரும்பு என்பது கொஞ்ச நாள் விருந்தாளி. இன்றைக்குப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் உள்ளே இருந்து பொங்கி வரும். இதற்கு வேதநாயகம் கண்டுபிடித்து வைத்திருந்த மருந்து மீன் எண்ணெய். அவர் அப்பா காலத்தில் மரப் படகுக்குப் பூசினது. படகு ஃபைபராக மாறிவிட்டது, மனுஷன் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டின்னும் துணியுமாக உட்கார்ந்துவிடுவார். ஜன்னல் கம்பி, கட்டில் கால், தண்ணீர் டிரம் ஸ்டாண்டு, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் ஒரு கை பூச்சு. தெரு முழுக்க நாறும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் தெருவில் மீன் நாற்றத்துக்கு யார் மூக்கைப் பிடிக்கப் போகிறார்கள்?

போன ஆகஸ்ட் கடைசியில், ஞாயிறு கூட்டத்துக்கு நடுவில், வண்டியின் கால் ஒன்று மடக்கென்று உள்ளே போனது. காலுக்கும் சட்டத்துக்கும் முட்டுக் கொடுத்திருந்த இரும்புப் பட்டை பிய்ந்துவிட்டது. நல்ல வேளை, எண்ணெய்ச் சட்டி சாய்ந்ததே தவிர யார் மேலும் கொட்டவில்லை. வறுத்த மீன் அத்தனையும் மணலில். கடற்கரை நாய்களுக்கு அன்றைக்கே திருவிழா.

தேசம்மாவின் திருவிழா அந்த வாரம்தான் தொடங்க இருந்தது. மாதா கோயில் கொடியேற்றம் வெள்ளிக்கிழமை. கடற்கரை வண்டிக்காரிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முன்னொரு தரம் இடத்துக்காகக் கரண்டிச் சண்டை நடந்து, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தது. கொடி ஏறும்போது எந்த வண்டியில் அடுப்பு எரிகிறதோ, அந்த வண்டிக்கே அந்த இடம், திருவிழா முடிகிற வரைக்கும். இல்லாவிட்டால் பக்கத்து வண்டி நகர்ந்து வரலாம், அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. தேசம்மாவின் இடம் கோயிலில் இருந்து இறங்கி வரும் வழியில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே. விரதம் இருக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். விரதம் முடித்தவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள். வருஷ வருமானத்தில் பெரிய பங்கு அந்த நாட்களில் வருவது.

பக்கத்து வண்டி ஜோதிலட்சுமியுடையது. சோளம் சுடுகிறவள். சாய்ந்த வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்து தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டுச் சொன்னாள்:

"கவலப்படாத யக்கா. உன் எடத்த நா பத்திரமா பாத்துக்கிறேன்."

"பாத்துக்குவடி. பாத்துக்கினே ஒக்காந்துக்குவ."

"ச்சே, நா அப்டியா? திருவிழா முடிஞ்சதும் குடுத்துட மாட்டேன்?"

மறுநாள் காலையில் வண்டியை என் ஆட்டோவில் கயிறு கட்டி மெல்ல இழுத்துக்கொண்டு திருவான்மியூர் போனோம். வழக்கமாக வெல்டிங் அடித்துக் கொடுக்கிற செம்பியன் பட்டறை அங்கே இருக்கிறது. நல்ல வேலைக்காரன். அன்றைக்குப் பட்டறைக்குள் கால் வைக்க இடமில்லை, அவ்வளவு பெரிய கேட் ஒன்று படுத்துக் கிடந்தது.

"வேளச்சேரி அபார்ட்மென்ட் வேல கீதுக்கா. வுட்டுட்டுப் போ, மாதா திருவிழா முடிஞ்சதும் மொத வேல உன்துதான்" என்றான்.

"திருவிழா முடிஞ்சப்புறம் கால வச்சிக்கினு நா இன்னா பண்றது? பீச்சுல நடந்து காட்டறதா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வண்டியைத் திரும்பவும் ஆட்டோவில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "டில்லிபாபு, மத்தியானம் சவாரி எடுக்காத. சிந்தாதிரிப்பேட்டை போறோம். நானே ஒரு மெஷினு வாங்கப் போறேன்."

வேதநாயகம் வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "இன்னாமே, மெஷினா? தோசக்கல்லு சூடுன்னு துணி புடிச்சி எறக்கறவ நீ. நெருப்போட வெளாடப் போறியா?"

"யோவ், வீட்டுல கயிறு கட்டி நிக்கிற சாமான எண்ணிப் பாரு. கட்டிலுக்குக் கயிறு. ஜன்னலுக்குக் கயிறு. டிரம் ஸ்டாண்டுக்கு உன் பழைய வல. இன்னும் கொஞ்ச நாள் போனா உன்னியும் கட்டித்தான் நிக்க வெக்கணும்."

சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருந்தது. அதற்குள் முடிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மூன்று பேரும் கிளம்பினோம்.

சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கின உடனே வேதநாயகம் மனசைப் பறிகொடுத்துவிட்டார். ஒரு பழைய சாமான் கடை வாசலில் அரிசி மூட்டை உயரத்துக்கு ஒரு வெல்டிங் மெஷின். சக்கரம் வைத்தது, பெரிய திருகு கை வைத்தது. நாலு பேர் இருந்தால்தான் அசையும்.

"இத்த பாருமே! கப்பல் இஞ்சினு மாரி கீது. இதான் மெஷினு."

"வச்சிட்டு நாம எங்க படுக்கறது?" என்றாள் தேசம்மா.

அதற்கு இரண்டு கடை தள்ளி, ஜுவேரியா என்று ஒரு பெண் நடத்துகிற டூல்ஸ் கடை. அண்ணன் தல்ஹா பின்கட்டில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான், முன்னால் வியாபாரம் இவள். எந்த மெஷினையும் எடுத்து முன்னால் வைக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டாள்.

"இன்னா வேலைக்குக்கா?"

தேசம்மா சொன்னாள். வண்டிக் கால், கட்டில், ஜன்னல், ஸ்டாண்டு.

"வீட்டுல லைன் சிங்கிள் பேஸா?"

"மூணு ஃபேனு, ஒரு ஐஸ் பொட்டி. அதுக்கு மட்டும் பெரிய பிளக் ஒண்ணு தனியா போட்டுக்கீது."

"அது போதும். அண்ணா பாத்துக்கினு இருந்தாரே, அந்தப் பெருசு? அத உங்க வீட்டுல போட்டா தெருவே இருட்டாயிடும்."

வேதநாயகம் விடவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிண்டர் படம் போட்ட ஒன்றைக் காட்டினார். "கேஸ்ல பத்த வெக்கிறது ஒண்ணு கீதாமே. சுத்தமா இருக்குமாமே?"

"சுத்தமாத்தான் இருக்கும். நீங்க இருக்கறது கடலாண்ட. வாசல்ல வச்சி அடிச்சா காத்து கேஸ அடிச்சிக்கினு போயிடும். உங்க வேலைக்கு ராடு வச்சி அடிக்கிற மெஷினுதான் சரி. காத்துக்குத் தாங்கும்."

பிறகுதான் இரண்டு சின்ன மெஷினை எடுத்து வைத்தாள். டிபன் கேரியர் பை மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்றின் மேல் பெரிய எண் போட்டு ஸ்டிக்கர், விலை மலிவு. இன்னொன்றில் சின்ன எண், விலை சற்றுக் கூட. எனக்கே ஆசை பெரிய எண் மேல்தான். ஜுவேரியா அந்த ஸ்டிக்கரை நகத்தால் தட்டினாள்.

"இது ஸ்டிக்கர்ல மட்டும்தான் பெருசு. ரெண்டு ராடு எரிஞ்சா சூடாகி நின்னுக்கும். சின்னது சொன்னத செய்யும், சர்வீசும் இங்கயே கீது. உங்க இரும்பு மெலிசு. சக்தி சாஸ்தி வச்சா ஓட்டதான் வுழும். மெஷினோட சேத்து, மூஞ்சி மூடியும் தோல் கையுறையும் வாங்குங்க. கண்ணு போனா நா ரிப்பேர் பண்ண முடியாது."

மூஞ்சி மூடியைத் தேசம்மா தலையில் மாட்டிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வேதநாயகம் சிலுவை போட்டுக்கொண்டார்.

பின்கட்டில் ஒரு துண்டு இரும்பைப் போட்டு அடித்துப் பார்க்கச் சொன்னார்கள். முதல் தடவை ராடு, அந்த உருகி ஒட்டும் கம்பிக் குச்சி, இரும்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தடவையும் ஒட்டிக்கொண்டது. "குத்தாதக்கா, தீக்குச்சி ஒரசற மாரி ஒரசிட்டு லேசா தூக்கு" என்றான் தல்ஹா. அடுத்த உரசலில் வெளிச்சம் பிடித்தது, கூடவே கொழுப்பு மீன் கல்லில் விழுந்த மாதிரி சரசரவென்று ஒரு சத்தம். மூடிக்குள்ளே அவள் சிரிப்பது வெளியில் கேட்டது.

கிளம்பும்போது ஜுவேரியா வாசல் வரை வந்து சொன்னாள்: "ஒண்ணுதான் முக்கியம். பெயின்ட்டு, துரு எதுவும் இல்லாம கம்பி பிரஷ்ல தேச்சி, வெள்ளி மாரி ஆக்கிட்டு அடி. மெஷின்லேர்ந்து வர எர்த் கிளிப்பும் அந்த வெள்ள எடத்துலதான் மாட்டணும்."

தேசம்மா செவ்வாய்க்கிழமை முழுக்கத் தேய்த்தாள். வண்டியை வாசலில் கவிழ்த்துப் போட்டு, சட்டம், கால், பிய்ந்த பட்டை எல்லாம் தேய்த்ததில் உண்மையாகவே வெள்ளிதான். கழுத்து எலும்பு வரைக்கும் துருத் தூள். "காலைல அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கை வீங்கிப் போய் உள்ளே போனாள்.

புதன்கிழமை காலை ஐஸ் பெட்டி பிளக்கில் மெஷினைச் சொருகி, மூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவே கூடியது. ராடை உரசினாள். வெளிச்சம் வந்தது. கூடவே புகை வந்தது, கருகருவென்று, கண் எரிகிற புகை. பொறி நாலாப் பக்கமும் எகிறியது. அடித்த இடத்தில் இரும்பு கொதித்துக் கொதித்து முட்டை விட்டது. வாசனைதான் வேடிக்கை. அப்படியே சுட்ட மத்தி.

பின்தெருவிலிருந்து ஒரு கிழவர் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். ஜோதிலட்சுமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, காலு ஒட்டுதோ இல்லியோ, ரெண்டு பீஸ் வறுவலா குடு" என்றாள்.

புகை அடங்கியதும் தேசம்மா சுத்தியலால் தட்டினாள். இரண்டே தட்டு. பட்டை கழன்று கீழே விழுந்தது. ஒட்டின இடம் முழுக்கப் பொத்தல். ஆப்பத்து நடுவில் இருக்கிற மாதிரி.

மறுபடி அடித்தாள், மறுபடி விழுந்தது. ராடை மாற்றினாள், மெஷினைக் கூட்டினாள், குறைத்தாள். மத்தியானம் வரை இதே கதை. அதற்குப் பிறகு மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. கை சும்மா இருந்தது.

"ஏமாத்திட்டா அந்தப் பொண்ணு. பீத்த மெஷினு. சீட்டுப் பணமும் போச்சி, எடமும் போச்சி" என்றாள்.

வேதநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். "அழாதமே. போய்த் திருப்பிக் குடுத்துட்டு வருவோம். நா பேசறேன்."

"நீ பேசாத. நீ பேசினா இன்னொண்ணு வாங்கிக்கினு வருவ."

வியாழன் காலை கடை திறக்கும்போதே போய் நின்றோம். தேசம்மா மெஷினை மேசையில் வைத்தாள், பிய்ந்த பட்டையை அதன் மேல் வைத்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் கொட்டினாள். ஜுவேரியா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். மெஷினை எடுத்து அண்ணனிடம் கொடுத்தாள். தல்ஹா துண்டு இரும்பில் ஒரு கோடு இழுத்தான். வழவழவென்று, ஒரு பொத்தல் இல்லை.

"மெஷினு நல்லாத்தான் கீது" என்றவள் பட்டையைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முகம் மாறியது.

"யக்கா, அடிச்சது இரும்புலதான? இல்ல நெத்திலியிலயா?"

"தேச்சி வெள்ளி மாரி ஆக்கினேம்மா! இந்தக் கையைப் பாரு!"

"தேச்சது நெசம்தான். அதுக்கு மேல எண்ணெ கீதே. பட்டைக்கு அடில வேற கட்டியா உறைஞ்சி கெடக்குது. எண்ணெ இருந்தா எப்டி ஒட்டும்? கொதிச்சி வெளிய வரும்."

தேசம்மா மெல்லத் திரும்பினாள். நானும் திரும்பினேன். வேதநாயகம் மேலே தொங்கிய விலைப் பட்டியலை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும்.

"யோவ்."

"இன்னாமே?"

"செவ்வாக்கெழம ராத்திரி வண்டியாண்ட போனியா?"

"போனேன். நீ பாட்டுக்குத் தேச்சி வெள்ளையா வச்சிட்டு வந்து படுத்துட்ட. உப்புக் காத்து வீசுது. அந்தக் காத்துல இரும்ப அம்மணமா வுட மனசு வருமா? லேசா ஒரு கை பூசினேன். லேசாத்தாமே."

ஜுவேரியாவுக்கு அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தல்ஹா பின்கட்டில் போய்ச் சிரித்தான். தேசம்மா கொஞ்ச நேரம் புருஷனை முறைத்துவிட்டு, "உன்ன அந்தப் பழைய சாமான் கடையிலயே வுட்டுட்டுப் போயிருக்கணும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் உதடு கோணியது.

ஜுவேரியா வழி சொன்னாள். அந்தப் பழைய பட்டையைத் தூக்கிப் போடு. இடுக்கில் ஊறினது பிரஷ்ஷுக்குப் போகாது. சட்டத்தில் பட்டை உட்காரும் இடத்தைச் சலவை சோடா போட்ட சுடுதண்ணீரில் கழுவு, வெயிலில் காய வை, மறுபடி தேய், தேய்த்த கையோடு அடி. இடையில் யாரையும் கிட்டே விடாதே. புதுப் பட்டை ஒன்றை அவளே அளவு பார்த்து வெட்டிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. "வறுவல் சாப்ட வரேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தேசம்மா செய்த முதல் காரியம், எண்ணெய் டின்னைப் பிடுங்கி என் ஆட்டோவுக்குப் பின்னால் வைத்ததுதான். "நாளைக்கு ராத்திரி வரைக்கும் இது உன் பொறுப்பு. அவுரு கேட்டாலும் குடுக்காத." அன்றைக்கு அடையாறில் ஏறின ஒரு ஐயா இந்திரா நகர் வருவதற்குள் இரண்டு தரம் வண்டியை நிறுத்தி, சக்கரத்தில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

கழுவுகிற வேலையை வேதநாயகமே எடுத்துக்கொண்டார். பழைய வெல்டிங்கை ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்தார். சோடாத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்த்தார். வருஷக்கணக்கில் அவர் கையாலேயே பூசினது மஞ்சள் மஞ்சளாக ஓடியது. "எவ்ளோ நல்ல எண்ணெ" என்று முணுமுணுத்தார். தேசம்மா நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். சாயங்காலம் மழை தூறி, காய வைத்தது வீணானது. வெள்ளிக்கிழமை வெயில் ஏறின பிறகுதான் மறுபடி காய்ந்தது.

மத்தியானம் தாண்டித்தான் ராடை உரசினாள். புகை கொஞ்சம்தான். மத்தி வாசனை இல்லை, இரும்பு வாசனை. கூட்டம் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மேலே படிந்த கருப்புப் பொருக்கைத் தட்டிவிட்டுப் பார்த்தோம். அழகு என்று சொல்ல முடியாது. எறும்பு வரிசை குடித்துவிட்டுப் போன மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. சுத்தியலால் தட்டினாள். நின்றது. ஓங்கி அடித்தாள். நின்றது.

"டில்லிபாபு, ஏறி ஒக்காரு."

"நானா?"

"இந்தத் தெருவுல உன்ன விட கனமா யார் கீறாங்க?"

ஏறி உட்கார்ந்தேன். கால் அசையவில்லை. ஜோதிலட்சுமி மட்டும் இருந்தால் கை தட்டியிருப்பாள். அவள் அங்கே இல்லை. கடற்கரைக்குப் போய்விட்டாள்.

எங்களுக்கு அப்போதுதான் நேரம் ஞாபகம் வந்தது. ஆறிய இடத்தில் பெயின்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, சிலிண்டர், கல், மீன் கூடை எல்லாம் ஏற்றி, மூன்று பேரும் தள்ளிக்கொண்டு ஓடினோம். கோயில் பக்கம் போகப் போகக் கூட்டம். மாதாவுக்கு வேண்டிக்கொண்டு காவித் துணி கட்டினவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், மெழுகுவத்தி விற்கிறவர்கள். "வழி வுடுங்க சாமி, கால் புதுசு, கால் புதுசு" என்று வேதநாயகம் கத்திக்கொண்டே வந்தார். என்ன கால் என்று புரியாமலே ஜனங்கள் வழி விட்டார்கள்.

விளக்குக் கம்பத்துக்குக் கீழே ஜோதிலட்சுமியின் வண்டி பாதி வந்து நின்றிருந்தது. கரி கனன்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"வந்துட்டியா யக்கா? இன்னும் கொஞ்சம் லேட்டா வரக் கூடாதா?"

"நவுருடி. பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க."

கோயில் பக்கம் மைக்கில் பாட்டு எழுந்தது. கொடி கட்டின கயிறு அசைந்தது. தேசம்மா லைட்டரை அழுத்தினாள். காற்று அணைத்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி அணைந்தது. கடல் காற்று அன்றைக்குப் பார்த்துப் பேயாக வீசியது. வேதநாயகம் கைலியை விரித்து மறைத்துக்கொண்டு நின்றார், போதவில்லை. கொடி பாதி உயரம் போய்விட்டது.

ஜோதிலட்சுமி ஒரு நிமிஷம் பார்த்தாள். "சே, இந்த மனசு ஒண்ணு" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒரு தணல் துண்டை எடுத்து எங்கள் பர்னர் மேல் பிடித்தாள். குபீரென்று பிடித்தது. கொடி உச்சிக்குப் போகவும், கூட்டம் மாதா பேரைச் சொல்லிக் கத்தவும், கல் சூடாகவும் சரியாக இருந்தது.

"என் எடத்த நானே புடிச்சிக் குடுத்துட்டேன்" என்றாள் ஜோதிலட்சுமி, தன் வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டே. தள்ளும்போது கைப்பிடி கடகடவென்று ஆடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நாளைக்குக் காலைல கொண்டா. கூலி வேணாம், ஒரு சோளம் குடு" என்றாள் தேசம்மா.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திருப்பிக் கொடுத்தேன். என் ஆட்டோ பிழைத்தது. வேதநாயகம் அதைக் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டார். பெயின்ட் காய்ந்த வண்டிக் காலுக்கு, தேசம்மா கண் எதிரிலேயே, அவள் அனுமதியோடு ஒரு கை பூசினார். மிச்சம் துணியில் இருந்தது. ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த புது மெஷினைப் பார்த்தார். அதன் தகர மூடியைத் தடவிப் பார்த்தார்.

"தேசு, இதுவும் இரும்புதான? லேசா ஒரு—"

"யோவ்!"

எதிர் வீட்டு வாசலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தூக்கிவாரிப் போட்டது.